மருத்துவமனைச் செவிலியர்களின் வேலை வளர்ச்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டியூட்டி முடிந்து உடை மாற்றும் அறையில் பேசிக்கொள்ளும் விஷயங்கள்தான் இவை. அடுத்து என்ன படிப்பது, எப்போது வார்டு இன்சார்ஜ் ஆவது, வெளிநாடு போகலாமா, இந்தச் சான்றிதழால் ஏதாவது பிரயோஜனம் உண்டா? என் பதில்களில் ஒரு சாய்வு இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சான்றிதழ்களைச் சேர்த்துக்கொண்டே போகிறவர்களைவிட, வார்டில் தான் செய்த வேலைக்கு எழுத்தில் தடயம் வைத்திருப்பவர்கள்தான் பெரும்பாலும் முன்னே போகிறார்கள்.

மூன்று, நான்கு வருடமாக ஒரே வார்டில் இருக்கிறேன். வேலை கைக்கு வந்துவிட்டது. இனி எந்தப் பக்கம் போவது?

பொதுவாக மூன்று பக்கம் போகலாம். நோயாளியின் அருகிலேயே இருந்து ஒரு துறையில் ஆழமாகப் போவது முதலாவது: ஐசியூ, டயாலிசிஸ், புற்றுநோய்ப் பிரிவு, பச்சிளங்குழந்தைப் பிரிவு, புண் பராமரிப்பு, வலி நிவாரணம் என்று. இரண்டாவது நிர்வாகம். மூன்றாவது கற்பித்தல். இவற்றுக்கு நடுவே வெளியே அதிகம் தெரியாத வேலைகளும் உண்டு. தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியர், தரக் கண்காணிப்பு, மருத்துவமனை மென்பொருளை வார்டுக்கு ஏற்றபடி அமைத்துத் தருபவர், மருந்து ஆய்வுகளில் நோயாளிகளைக் கவனிக்கும் ஆய்வுச் செவிலியர், வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாடுகளைப் பார்ப்பவர். வார்டு அனுபவம் இல்லாமல் இந்த வேலைகளை ஒழுங்காகச் செய்ய முடியாது. அதனால்தான் இவற்றில் உங்களுக்கு மதிப்பு.

எது உங்களுக்குப் பொருந்தும் என்று கண்டுபிடிக்க, ஷிஃப்ட் முடிந்த பிறகும் மனதில் எது ஓடிக்கொண்டிருக்கிறது என்று கவனியுங்கள். ‘அந்த அம்மாவுக்கு ஆக்ஸிஜன் அளவு ஏன் திடீரென்று இறங்கியது?’ என்று யோசித்துக்கொண்டே போகிறீர்களா? நீங்கள் படுக்கையோரத்து ஆள். ‘இன்றைக்கு ஆள் போட்ட விதமே தப்பு, நான் போட்டிருந்தால் வேறு மாதிரிப் போட்டிருப்பேன்’ என்று தோன்றுகிறதா? நிர்வாகம். ‘புதிதாக வந்த பெண்ணுக்கு யாரும் நின்று சொல்லித்தரவில்லையே’ என்று உறுத்துகிறதா? கற்பித்தல். கை கழுவாமல் படுக்கைக்குப் படுக்கை போனவரைப் பார்த்து வந்த கோபம் இரவு வரை அடங்கவில்லை என்றால், தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழு உங்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறது.

முன்னேற்றம் என்றால் இன்சார்ஜ் ஆவதுதானே?

பல இடங்களில் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். நல்ல செவிலியர் என்று பெயர் எடுத்தவரை நோயாளியிடமிருந்து பிரித்து, ரோஸ்டரும் (யாருக்கு எப்போது டியூட்டி என்ற அட்டவணை) இருப்புக் கணக்கும் கொடுத்து உட்கார வைத்துவிடுவார்கள். அது அவருக்குப் பிடித்திருந்தால் சரி. பிடிக்கவில்லை என்றால் வார்டு ஒரு நல்ல கையை இழக்கிறது, அலுவலகத்துக்கு ஒரு சலிப்பான ஆள் கிடைக்கிறார்.

இன்சார்ஜ் வேலையின் பெரும்பகுதி மனிதர்களோடுதான். திடீரென்று லீவு போட்டவருக்கு மாற்று ஆள், இரண்டு பேருக்கு நடுவே பேச்சுவார்த்தை நின்றுபோனால் சமாதானம், புகார் சொல்ல வந்த உறவினர், மேலே இருந்து வரும் உத்தரவு. நேற்று வரை சேர்ந்து டீ குடித்தவரிடம் ‘நீங்கள் லேட்டாக வருகிறீர்கள்’ என்று சொல்ல வேண்டியிருக்கும். பதவியைக் கேட்பதற்கு முன், இன்சார்ஜ் விடுப்பில் போகும் நாட்களில் அந்தப் பொறுப்பைக் கேட்டு வாங்கிச் செய்து பாருங்கள். சில வாரங்களில் தெரிந்துவிடும்.

படுக்கையோரத்திலேயே இருப்பவருக்கும் படிநிலை உண்டு என்ற எண்ணத்துக்கு வலு சேர்த்தவர் அமெரிக்கச் செவிலியர் பேட்ரிசியா பென்னர். விமானிகளையும் சதுரங்க ஆட்டக்காரர்களையும் வைத்து டிரைஃபஸ் சகோதரர்கள் உருவாக்கிய திறன் மாதிரியை எடுத்து, ஒரு செவிலியர் புதியவர் நிலையிலிருந்து நிபுணர் ஆவது வரை ஐந்து கட்டங்களை 1984-இல் அவர் விவரித்தார். இதை அடிப்படையாக வைத்து, பதவி மாறாமலேயே தரமும் சம்பளமும் உயரும் படிநிலைத் திட்டங்களைச் சில மருத்துவமனைகள் வைத்திருக்கின்றன. உங்கள் இடத்தில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று நர்சிங் அலுவலகத்தில் கேளுங்கள். இருந்தும் அதைப் பற்றி யாரும் பேசாமல் இருப்பது சகஜம்.

பென்னர் சொன்னதில் இன்னொன்றும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது. அனுபவசாலியே ஆனாலும் பழக்கமில்லாத பிரிவுக்குப் போனால் அங்கே புதியவர்தான். பத்து வருடம் அறுவைசிகிச்சை வார்டில் இருந்தவர் ஐசியூவுக்கு மாறியதும் வென்டிலேட்டர் அலாரத்துக்கெல்லாம் திடுக்கிடுவது இயல்பு. ‘எனக்கு எதுவுமே தெரியவில்லையே’ என்று முதல் மாதத்திலேயே மாற்றல் கேட்டுவிடாதீர்கள்.

டிப்ளமோ மட்டும் முடித்திருக்கிறேன். பட்டம் அவசியமா?

நோயாளியைப் பார்த்துக்கொள்ள டிப்ளமோ போதாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மேலே போகும் வழிகளில் பல இடங்களில் பட்டம் ஒரு கதவாகவே நிற்கிறது. கற்பித்தல், உயர்நிலை மருத்துவச் செவிலியர் பணி, ஆய்வு மூன்றுக்கும் அநேகமாகப் பட்டம் கேட்பார்கள்.

இதைப் பற்றி அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஆய்வு லிண்டா ஐகென் குழுவினருடையது. ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் 300 மருத்துவமனைகளின் விவரங்களை வைத்து 2014-இல் லான்செட் இதழில் வெளிவந்தது. பட்டம் பெற்ற செவிலியர்களின் விகிதம் 10 சதவீதம் கூடுதலாக இருக்கும் மருத்துவமனைகளில், அறுவைசிகிச்சைக்குப் பின் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் குறைவாக இருந்தது. அதே ஆய்வில் ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடினால் அந்த வாய்ப்பு 7 சதவீதம் ஏறியது. முதல் எண்ணை மட்டும் சொல்லிவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிற நிர்வாகங்கள் உண்டு! மருத்துவமனைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்ட ஆய்வு இது. டிப்ளமோ படித்த ஒருவரை ‘நீ குறைந்தவள்’ என்று சொல்ல இதில் எதுவும் இல்லை.

வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் படிப்புகளில் சேருமுன் இரண்டு விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் நாட்டு நர்சிங் கவுன்சில் அந்தப் பட்டத்தை ஏற்கிறதா? நேரடிப் பயிற்சி மணிநேரம் எங்கே, எப்போது, யார் மேற்பார்வையில்? விளம்பரத்தில் இருக்கும் ‘அங்கீகாரம் பெற்றது’ என்ற வார்த்தையை நம்பிப் பணம் கட்டாதீர்கள். எந்த அமைப்பின் அங்கீகாரம் என்று கேளுங்கள்.

எந்தெந்தச் சான்றிதழ்களை எடுக்கலாம்?

முதலில் உயிர்காப்புப் பயிற்சிகள். பிஎல்எஸ் (அடிப்படை உயிர்காப்பு) எல்லோருக்கும், ஏசிஎல்எஸ் (மேம்பட்ட இதய உயிர்காப்பு) அவசர சிகிச்சை, ஐசியூ பக்கம் இருப்பவர்களுக்கு. அமெரிக்க இதயச் சங்கத்தின் இந்த அட்டைகள் இரண்டு வருடமே செல்லும். காலாவதியான அட்டையை விண்ணப்பத்தில் வைத்து மாட்டிக்கொள்பவர்கள் நிறையப் பேர். தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கு மேல் துறைச் சான்றிதழ். இதில் மதிப்பானவை அனுபவத்தைக் கேட்கும். அமெரிக்காவின் சிசிஆர்என் என்ற தீவிர சிகிச்சைச் சான்றிதழை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேர்வு எழுதுவதற்கான ஒரு வழி, முந்தைய இரண்டு வருடத்தில் 1,750 மணிநேரம் கவலைக்கிடமான நோயாளிகளை நேரடியாகக் கவனித்திருப்பது. வேலையைச் செய்துவிட்டு வா, பிறகு தேர்வு எழுது என்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆன்லைன் வகுப்பில் கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்தாலே கிடைக்கும் சான்றிதழுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் நேர்காணல் எடுப்பவருக்கு நன்றாகவே தெரியும்.

பதிவைப் புதுப்பிக்கக் கேட்கும் தொடர்கல்விப் புள்ளிகள் வெறும் சடங்குதானே?

சடங்காக்கிவிட்டால் சடங்குதான். பிரிட்டனில் 2016 முதல் இருக்கும் முறையைப் பார்த்தால் அதன் உள்நோக்கம் புரியும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க 450 மணிநேரப் பணி, 35 மணிநேரத் தொடர்கல்வி, அதில் 20 மணிநேரம் மற்றவர்களோடு சேர்ந்து கற்றது, தன் வேலையைப் பற்றி மற்றவர்கள் சொன்ன ஐந்து கருத்துகள், தானே எழுதிய ஐந்து சிந்தனைக் குறிப்புகள். கடைசியாகச் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது.

சிந்தனைக் குறிப்பு என்றால் கட்டுரை இல்லை. கிரகாம் கிப்ஸ் 1988-இல் கொடுத்த சுழற்சி இதற்கு வசதி: என்ன நடந்தது, என்ன உணர்ந்தேன், எது நன்றாக இருந்தது, எது இல்லை, ஏன் அப்படி ஆனது, வேறென்ன செய்திருக்கலாம், அடுத்த தடவை என்ன செய்வேன். ஒரு மாதிரிக் குறிப்பு இப்படி இருக்கும்:

‘இன்சுலின் போடப் போனபோது சாப்பாடு இன்னும் வரவில்லை. அட்டவணைப்படி நேரம் ஆகிவிட்டதால் போட்டுவிடலாம் என்று அவசரம் வந்தது. நோயாளியே தடுத்து, “சாப்பாடு வரட்டும் சிஸ்டர்” என்றார். தட்டு வரும் நேரமும் ஊசி நேரமும் இந்த வார்டில் பொருந்தவில்லை. நாளையிலிருந்து தட்டைக் கண்ணால் பார்த்த பிறகே ஊசி. நேர மாற்றத்தைப் பற்றி இன்சார்ஜிடமும் உணவுப் பிரிவிடமும் பேச வேண்டும்.’

இவ்வளவுதான். இதில் பெயர் இல்லை, படுக்கை எண் இல்லை, தேதி கூட இல்லை. நோயாளியை அடையாளம் காட்டும் எதையும் உங்கள் சொந்தக் குறிப்பேட்டில் எழுதாதீர்கள்.

டாக்டரை இரவில் போனில் கூப்பிடவே பயமாக இருக்கிறது. இதற்கும் வளர்ச்சிக்கும் சம்பந்தம் உண்டா?

நிறைய உண்டு. உங்களை ஒரு டாக்டர் மதிப்பிடுவது பெரும்பாலும் உங்கள் போன் பேச்சை வைத்துத்தான். இதற்கு எஸ்பார் என்ற முறை இருக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்து மருத்துவமனைகளுக்கு வந்தது. நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்று நான்கு பகுதி.

‘டாக்டர், அவர் ஒரு மாதிரியாக இருக்கிறார், வந்து பார்க்கிறீர்களா?’ என்று சொன்னால் மறுமுனையில் சலிப்புதான் வரும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ‘டாக்டர், நான் அறுவைசிகிச்சை வார்டில் இருந்து பேசுகிறேன். 12-ஆம் படுக்கை நோயாளிக்கு மூச்சு நிமிடத்துக்கு 28, ஆக்ஸிஜன் 89. நேற்று குடல் அறுவைசிகிச்சை நடந்தவர், காலை வரை நன்றாக இருந்தார். இடது பக்கம் மூச்சுச் சத்தம் குறைவாகக் கேட்கிறது, நுரையீரலில் ஏதோ பிரச்சினை என்று நினைக்கிறேன். ஆக்ஸிஜன் வைத்துவிட்டேன். நீங்கள் இப்போதே வந்து பார்க்க வேண்டும். அதற்குள் எக்ஸ்ரேவுக்குச் சொல்லிவிடட்டுமா?’

நான்காவது பகுதியில்தான் பலரும் தயங்குகிறார்கள். ‘நான் யார் பரிந்துரை சொல்ல?’ என்ற எண்ணம். அவரைப் பல மணிநேரமாகப் பார்த்துக்கொண்டிருப்பவர் நீங்கள்தானே? சொல்லுங்கள். போனை எடுக்குமுன் ஒரு துண்டுத்தாளில் நான்கையும் எழுதி வைத்துக்கொண்டால் குரல் நடுங்காது.

படிக்கவோ ஊர் மாறவோ இப்போது முடியாது. இருக்கும் வார்டிலேயே என்ன செய்யலாம்?

நான் மிகவும் விரும்பும் கேள்வி இதுதான். ஒரு சின்னப் பிரச்சினையை எடுத்து எண்ணுங்கள். கேனுலா (மருந்து ஏற்றச் சிரையில் போடும் சிறு குழாய்) போட்ட இடம் சிவந்து வீங்குவதையே எடுத்துக்கொள்ளலாம். சிரை அழற்சியைக் கண்ணால் பார்த்து 0 முதல் 5 வரை மதிப்பெண் தரும் வி.ஐ.பி. ஸ்கோர் என்ற அளவுகோல் இருக்கிறது. 2 வந்தாலே இடத்தை மாற்ற வேண்டும். இன்சார்ஜிடமும் தரப் பிரிவிடமும் அனுமதி வாங்கிக்கொண்டு, இரண்டு வாரம் ஒரு தாளில் ஐந்து பத்தி போடுங்கள்: போட்ட தேதி, எந்த இடம், எந்த அளவு கேனுலா, டிரஸ்ஸிங்கில் தேதி எழுதியிருக்கிறதா, இன்றைய ஸ்கோர்.

இரண்டு வாரம் கழித்துத் தாளை விரித்து வைத்தால் ஏதாவது ஒன்று கண்ணில் படும். முழங்கை மடிப்பில் போட்டவை சீக்கிரம் கெட்டிருக்கலாம். அவசரப் பிரிவிலிருந்து வந்தவர்களின் டிரஸ்ஸிங்கில் தேதியே இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். வார்டுக்கு வந்து சேரும் நேரத்திலேயே கேனுலாவைப் பார்த்துத் தேதி எழுதுவது, அவ்வளவுதான். மறுபடி இரண்டு வாரம் எண்ணுங்கள். முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு என்று ஒரே பக்கத்தில் எழுதி இன்சார்ஜிடம் கொடுங்கள். குறையவில்லை என்றாலும் எழுதுங்கள். ஒரு பிரச்சினையை அளந்து பார்க்கத் தெரிந்தவர் என்று அந்தப் பக்கம் காட்டும்.

செவிலியர் கையில் இருக்கும் ஒரு தாளுக்கு என்ன பலம் என்று பார்க்க அமெரிக்காவின் மிச்சிகன் மாநில அனுபவம் போதும். நூற்றுக்கும் மேற்பட்ட ஐசியூக்களில், மையச் சிரைக் குழாய் (இதயத்துக்கு அருகிலுள்ள பெரிய சிரை வரை செல்லும் குழாய்) போடும்போது பின்பற்ற வேண்டிய ஐந்து விஷயங்களைச் சரிபார்ப்புப் பட்டியலாக்கினார்கள். ஒன்றை விட்டுவிட்டாலும், அவசர நிலை இல்லாதபட்சத்தில், டாக்டரை நிறுத்தச் செவிலியருக்கு அதிகாரம் கொடுத்தார்கள். ரத்தத் தொற்று 66 சதவீதம் வரை குறைந்ததாக 2006-இல் வெளியிட்டார்கள். பட்டியலில் புதிதாக எதுவும் இல்லை. கை கழுவுவது, முழு மறைப்பு உடுப்பு, குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினி தடவுவது, தொடைச் சிரையைத் தவிர்ப்பது, தேவையில்லாத குழாயை எடுத்துவிடுவது. ‘நிறுத்துங்கள்’ என்று சொல்லும் உரிமைதான் புதிது.

நர்ஸ் பிராக்டிஷனர் என்றால் என்ன?

நோயாளியைப் பரிசோதித்து, நோயைக் கண்டறிந்து, சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு மருந்தும் எழுதும் செவிலியர். 1965-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் செவிலியர் லொரெட்டா ஃபோர்டும் குழந்தை மருத்துவர் ஹென்றி சில்வரும் தொடங்கிய பயிற்சியிலிருந்து வளர்ந்தது. இதற்கு முதுநிலைப் பட்டம் வேண்டும் என்பது சர்வதேசச் செவிலியர் பேரவையின் நிலைப்பாடு. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். பட்டம் வாங்கியும் அந்தப் பதவியே இல்லாத இடத்தில் உட்கார்ந்திருக்க நேரலாம். முதலில் பதவி இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு படிப்பு.

வெளிநாட்டில் வேலை?

அமெரிக்காவிலும் கனடாவிலும் பதிவுபெற்ற செவிலியர் உரிமத்துக்கு என்கிளெக்ஸ் தேர்வு. உங்கள் பதிலைப் பொறுத்து அடுத்த கேள்வியின் கடினம் மாறும். 2023 ஏப்ரலில் வடிவம் மாறியபின் குறைந்தது 85, அதிகபட்சம் 150 கேள்விகள். மனப்பாடம் இங்கே எடுபடாது. இந்த நான்கு நோயாளிகளில் யாரை முதலில் பார்ப்பாய் என்பது போன்ற கேள்விகள்தான் நிறைய. பிரிட்டனில் கணினித் தேர்வும், ஓஸ்கி எனப்படும் செய்முறைத் தேர்வும். ஆங்கில மொழித் தேர்வுகளில், மருத்துவத் துறையினருக்கென்றே இருக்கும் ஓஇடி செவிலியர்களுக்குக் கொஞ்சம் இணக்கம், ஏனென்றால் எழுதச் சொல்வது மருத்துவக் கடிதம், பேசச் சொல்வது நோயாளியோடு.

ஏஜென்ட் விஷயத்தில் ஒரு வார்த்தை. அசல் சான்றிதழை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள். இத்தனை வருடம் வேலை செய்யாவிட்டால் இவ்வளவு பணம் கட்ட வேண்டும் என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தால், கையெழுத்துக்கு முன் சட்டம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

இரவு டியூட்டி, வீடு, குழந்தைகள். படிக்க நேரம் எங்கே?

இரவு டியூட்டி முடிந்த காலையில் படிக்காதீர்கள். தூங்குங்கள். அந்த நேரத்தில் படித்தது மண்டையில் நிற்காது. இரவுகளுக்கு நடுவே வரும் ஓய்வு நாளில் ஒரு மணிநேரம் கிடைத்தால் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று பார்த்த ஒரு மருந்தை, ஒரு நோயை மட்டும் படியுங்கள். முகம் நினைவில் இருக்கும்போது பாடமும் ஒட்டிக்கொள்ளும்.

ரோஸ்டர் போடுபவரிடம் தேர்வுத் தேதிகளை முன்கூட்டியே, எழுத்தில் கொடுங்கள். முந்தின நாள் போய்க் கெஞ்சுவதைவிட இது நடக்கும்.

புதியவர்களுக்குச் சொல்லித்தரும் பொறுப்பைத் தலையில் கட்டுகிறார்கள். கூடுதல் சம்பளமும் இல்லை. மறுக்கலாமா?

நோயாளி எண்ணிக்கையைக் குறைக்காமல் பயிற்சிப் பொறுப்பை மட்டும் ஏற்றினால் கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கேளுங்கள். ஆனால் முழுசாக மறுத்துவிடாதீர்கள் என்பேன். கல்லூரியில் கற்றதற்கும் வார்டில் நடப்பதற்கும் உள்ள இடைவெளியில் புதியவர்கள் அதிர்ந்துபோவதை மார்லின் கிரேமர் 1974-லேயே விரிவாக எழுதினார். இன்றும் முதல் வருடத்திலேயே வேலையை விட்டு ஓடுபவர்கள் உண்டு. பக்கத்தில் ஒருவர் பொறுமையாக நின்றால் பலர் தங்கிவிடுவார்கள். உங்களுக்கும் லாபம்தான். ‘ஏன் இப்படிச் செய்கிறோம்?’ என்று புதியவர் கேட்கும்போதுதான் நமக்கே காரணம் தெரியாத வேலைகள் எத்தனை என்று புரியும். எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தீர்கள் என்பதையும், செய்த வேலைக்குத் தடயம் சேர்த்து வைக்கும் உங்கள் கோப்பில் எழுதி வையுங்கள்.

நாற்பத்தைந்து வயதாகிறது. இனிமேல் தாமதமா?

முதுகு ஒத்துழைக்காத வேலைகளுக்கு வேண்டுமானால் தாமதம். தொற்றுக் கட்டுப்பாடு, தரக் கண்காணிப்பு, கற்பித்தல், நோயாளி ஆலோசனை எல்லாம் அனுபவத்தைத்தான் கேட்கின்றன.

பதவி உயர்வு நேர்காணலுக்கு எப்படித் தயாராவது?

‘நான் கடினமாக உழைப்பேன்’ என்று எல்லோரும் சொல்வார்கள். உங்கள் கோப்பைத் திறந்து மூன்று சம்பவங்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: நோயாளியின் நிலை மோசமாவதை முன்கூட்டியே கவனித்துச் சொன்னது, சக ஊழியரோடு வந்த சிக்கலைப் பேசித் தீர்த்தது, ஏதாவது ஒன்றை அளந்து மாற்றியது. ஒவ்வொன்றையும் இரண்டு நிமிடத்துக்குள் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கடைசியில் ‘உங்களுக்கு ஏதாவது கேள்வி?’ என்பார்கள். இந்தப் பதவியில் முன்பு இருந்தவர் ஏன் போனார் என்று கேளுங்கள். அந்தப் பதிலை வைத்தே வேலையை ஏற்பதா வேண்டாமா என்று பாதி முடிவு எடுத்துவிடலாம்.